டப்பாவைத் திறந்தால் சாக்லேட்

இனி வீட்டுக்குள் பைப்பில் புகை பிடிப்பதில்லை என்று காப்பீட்டு ஏஜென்ட் தன் மைத்துனன் முன்னிலையில் சபதம் செய்தார். சபதம் அவருடையது. வாசகம் மனைவியுடையது.

வினை வெண்ணெயால் வந்தது. மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் வெண்ணெய் அதைக் குடித்துவிடும். ஒரு கல்யாணத்துக்குப் போன வெண்ணிலா கேக் பாதியில் திரும்பி வந்தது. மணப்பெண்ணின் அத்தை ஒரு வாய் சாப்பிட்டதும், காலமான தன் புருஷன் ஞாபகம் வந்து தேம்பித் தேம்பி அழுதாளாம். அந்த மனிதர் பைப் பிடிப்பவர். இன்னொரு தரம் இப்படி நடந்தால் பைப் ஓவனுக்குள் போய்விடும், கேக்கோடு சேர்த்து வேகவைப்பேன் என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள்.

ஏஜென்டுக்குப் பகலெல்லாம் பேசுகிற பிழைப்பு. அதுவும் சாவைப் பற்றி, சிரித்த முகத்தோடு, யார் மனமும் கோணாமல் பேச வேண்டும். சாயங்காலம் பின்னறையில் பைப்போடு உட்காரும் கொஞ்ச நேரம்தான் அவர் யாரையும் எதற்கும் சம்மதிக்கவைக்க வேண்டியதில்லை. வாய்க்கு வேலை இருந்தது, பேச்சு இல்லை. அந்த மௌனத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

புகையிலைக் கடைக்காரர் ஒரு தட்டை டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டியபோது வழி பிறந்தது. உள்ளே புகையிலை தூளாக இல்லை. அழுத்திக் கட்டியாக்கி, மெல்லிய தகடுகளாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. கரும்பழுப்பு, நடுநடுவே வெளிர் கீற்று. ஃப்ளேக் என்றார் கடைக்காரர். வாசனை சுத்தமான சாக்லேட். அடியில் உலர்திராட்சையின் புளிப்பு கொஞ்சம், அதற்கும் அடியில், தேடினால்தான் தெரிகிற மாதிரி, புகையிலை.

சாக்லேட் கேக் வேகிற வீட்டில் சாக்லேட் வாசனையை யார் சந்தேகப்படுவார்கள்? தன் புத்தியை நினைத்து ஏஜென்டுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்றைக்கே ஓவனில் சாக்லேட் கேக். பின்னறையில் தகட்டைக் காகிதத்தில் பரப்பி ஈரம் போக விட்டார். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். அது நார்நாராக உதிர்ந்தது. லேசில் பற்றாது. பற்றிய பிறகு நிதானமாக இழுத்தால் பாலேடு மாதிரி நாக்கில் படியும், பின்னால் கோகோவின் கசப்பு மெல்ல வரும். அவசரப்பட்டால் நாக்கைக் கடிக்கும். குணத்தில் அது மனைவியைப் போலத்தான் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

மனைவி கதவருகே வந்தாள். பைப் மேஜை டிராயருக்குள் போனது.

"என்னங்க, வாசனை வருதா?"

"சாக்லேட் வாசனை ஊரையே தூக்குது."

"கேக் நல்லா வேகுதுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

திட்டத்தில் ஒரே ஓட்டை. சாக்லேட் கேக் தினமும் வேகவில்லை. ஒரு நாள் வெண்ணிலா, ஒரு நாள் பழக் கேக், இரண்டு நாள் ஓவன் சும்மா கிடந்தது. பைப்பும் சும்மா கிடந்தது. ஆர்டர் வந்தால்தானே செய்ய முடியும் என்றாள் மனைவி. ஆர்டர்தானே, என்றார் ஏஜென்ட்.

வாடிக்கையாளர்களைப் பற்றி அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பிறந்த தேதி மட்டும். இதுவரை அதை வைத்து, வயது ஏறுகிறது பாருங்கள் என்று பயமுறுத்தத்தான் முடிந்திருந்தது. இப்போது கேக் விற்றார். பாலிசி என்றாலே வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்த பல் டாக்டர், சாக்லேட் கேக் என்றதும் வாயைத் திறந்தார். வக்கீல் தனக்கு ஒன்று, எதிர்க்கட்சி வக்கீலுக்கு ஒன்று சொன்னார். வெண்ணிலா கேட்டவர்களிடம், வெண்ணிலாவில் என்ன இருக்கிறது சார், மனுஷனுக்கு ஒரு பிடிப்பு வேண்டாமா என்று மன்றாடினார்.

ஆர்டர் பிடித்தவரே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை என்றாள் மனைவி. கொடுத்தார். கொடுத்த இடத்தில் மெழுகுவத்தி ஊதும்வரை நின்று கைதட்டினார். வந்ததும் கோகோ பிசுக்குப் பிடித்த தட்டுகளைத் தேய்த்தார். அதற்குப் பிறகு புகையிலையை உலர்த்தவும் உதிர்க்கவும் ஏது நேரம். ஈரத்தோடு திணித்து அவசரமாக இழுத்தார். நாக்கு வெந்தது. ஆனாலும் பைப் கையில் இருந்தது, மனைவி முகத்தில் சந்தேகம் இல்லை. வென்றவன் நாக்கு கொஞ்சம் வெந்தால்தான் என்ன.

ஒரு சாயங்காலம் அவர் அப்படி வெந்துகொண்டிருந்தபோது மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, கையில மாவு. பக்கத்து வீட்டுக்குப் போய் வெண்ணெய் வாங்கிட்டு வாங்க."

"கடனா?"

"நம்ம வெண்ணெய்தான். அவங்க ஃபிரிஜ்ஜுல இருக்கு."

ஏஜென்ட் சமையலறை வாசலில் வந்து நின்றார். "நம்ம வெண்ணெய்க்கு அங்க என்ன வேலை?"

"நீங்க அந்த டப்பாவோட வந்த அன்னிக்கே அனுப்பிட்டேன். கேக்கும் ஆறினதும் அங்கதான் போகுது."

வாயில் பைப் இல்லாமல் அவர் பேசாதிருந்தது அன்றைக்குத்தான்.

"அப்போ சாக்லேட் வாசனை வரலையா?"

"டப்பாவைத் திறந்தா வருது. நானும் திறந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. பத்தவெச்சா நனைஞ்ச கோணி. உங்க வாய்க்குள்ள சாக்லேட்டா இருக்கலாம். வெளியில இருக்கிறவளுக்குக் கோணிதான்."

"தெரிஞ்சே ஏன் சும்மா இருந்தே?"

"சொல்லியிருந்தா இத்தனை ஆர்டர் பிடிச்சிருப்பீங்களா? ஊர்ல சாக்லேட்டுக்கு இனிமே நம்மளை விட்டா ஆள் கிடையாது."

தன் தொழிலில் இதைவிடச் சுத்தமாக ஒரு ஆளைச் சம்மதிக்கவைத்ததாக ஏஜென்டுக்கு நினைவில்லை. சரி, அப்படியானால் ஒரு உடன்பாடு, சாக்லேட் ஆர்டர் தொடர்ந்து பிடித்துத் தருகிறேன், பைப்பை மட்டும் கண்டுகொள்ளாதே என்று இறங்கி வந்தார்.

மனைவி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சாக்லேட் போதும். நாளையிலேர்ந்து எலுமிச்சை கேக்குக்கு ஆர்டர் பிடிங்க. எலுமிச்சை வாசனையில புகையிலை வருமான்னு உங்க கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன். வராதாம்."