சார்ஜன் யோகேந்திரன் பொதுஜனம் ஆன கதை

சார்ஜன் யோகேந்திரன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று சுங்கைப் பட்டாணிக்கு வந்து சேர்ந்ததில் யாருக்கும் எந்த ஆட்சேபனையும் இல்லை. நாட்டுக்கு உழைத்த மனுஷன், கை கால் சுகத்தோடு வீடு திரும்பினார். தாமான் குடியிருப்புவாசிகள் அனைவரும் மகிழ்ச்சி தெரிவித்துக்கொண்டார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு குறைதான். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்.

இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி பிரேமாவதி. இத்தனை வருஷமும் லீவில் நாலு நாள் வருவார், போவார். விருந்தாளியின் குறை யார் கண்ணில் படும்? நிரந்தரமாக வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வந்த வாரமே ஒரு கல்யாண விருந்து. கார்டில் ஏழு மணி என்று போட்டால் ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும் என்பது கெடா மாநிலத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். யோகேந்திரனுக்குத் தெரியவில்லை. பட்டுப்புடவையோடு பிரேமாவை இழுத்துக்கொண்டு ஏழு அடிக்கும் முன்பே மண்டப வாசலில் போய் நின்றார். மண்டபத்தின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே ஒரு பூனை. சும்மா நிற்க முடியாத மனுஷன், நாற்காலிகளையெல்லாம் நூல் பிடித்த மாதிரி அடுக்கினார். அப்புறம் வாசலுக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளையின் மாமா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். காடிச் சாவியை யோகேந்திரன் கையில் வைத்து, "நிழலா பார்த்து போடுங்கண்ணே" என்றார். ராத்திரி ஒன்பதரைக்கு நிழல். யோகேந்திரன் காடியைக் கொண்டுபோய் அழகாக நிறுத்தியும் விட்டு வந்தார். பிரேமாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு மாலா அக்கா ரவிக்கைத் துணியோடு வந்தாள். பிரேமா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள்.

"நேத்து பார்த்தேன் பிரேமா. உன் வீட்டுக்காரரு நிக்கிற நிலையே ஜாகா நிலைலா! கூலிம்ல எத்தனை பேக்டரி இருக்கு. எல்லாத்துக்கும் கேட்டு இருக்கு. கேட்டு இருந்தா ஜாகா வேணும்தானே?"

"அவரு பட்டாளத்துல லோரி ரிப்பேர் பார்த்தவருக்கா. காவல் காத்தவரில்ல."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. யூனிபாரம் யூனிபாரம்தான்."

ஜாகா வேலை மட்டமென்று பிரேமா நினைக்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் போய், விடிந்தால் வந்து, பகலெல்லாம் தூங்குகிற புருஷன், பட்டாளத்தோடு காட்டில் இருந்த புருஷனைவிட எந்த விதத்தில் உசத்தி? இன்னொரு பக்கம் ஜொகூரிலிருந்து அவள் அண்ணன் ஜெயகுமார் போன் போட்டுக்கொண்டே இருந்தான். "மச்சானை இங்க அனுப்பு. பாலத்தைத் தாண்டினா சிங்கப்பூர்ல வேலை ரெடி. மாசத்துக்கு ஒருவாட்டி வீட்டுக்கு வரலாம்." யோகேந்திரன் அந்தப் போனை முன்பைவிட அதிக நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிரேமாவுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் மகள் அன்பரசி. ஐந்து வயது. பெற்ற தகப்பனை இன்னும் "அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

"அங்கிள் இல்லடி, அப்பா."

"அப்பான்னா லேட்டா வருவாங்கம்மா. தாடிக்காவுல வாசுகி அப்பா லேட்டு, எல்லா அப்பாவும் லேட்டு. இவரு பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுல நிக்கிறாரு. கேட்டுல நிக்கிறவங்க அங்கிள்."

தாடிக்கா என்கிற அந்தப் பாலர் பள்ளி வாசலில் ஒரு ஜாகா அங்கிள் இருக்கிறார். பிள்ளை கண்ட நியாயம் அது. இந்த நிலையில் இவர் ஜொகூருக்கும் போய்விட்டால், பிள்ளை கல்யாணப் பத்திரிகையிலேயே அங்கிள் என்று போட்டுவிடும். கெடாவை விட்டு அனுப்புவதில்லை, பகல் வேலைதான் என்று பிரேமா அன்றைக்கே முடிவு கட்டினாள்.

கூலிமில் ஒரு பேக்டரி. ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சூப்பர்வைசர் வேண்டுமாம். பிரேமாவும் கூடப் போனாள். ஆள் எடுக்கும் மேனேஜர் தயாளன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. பயறு மூட்டை மாதிரி ஒன்றுக்குள் பாதி புதைந்து கிடந்தார். வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு மூட்டை காட்டினார். அந்த மூட்டையிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்த முதல் மனிதர் யோகேந்திரன்தான்.

"வேலை உங்களுக்குத்தான் பிரதர்" என்றார் தயாளன். "ஆனா இப்ப எங்க கம்பெனியில ரிலாக்ஸ் கல்ச்சர். உங்களைப் பார்த்ததுமே எனக்கு எழுந்து நிக்கணும் போல இருக்கு. இது ஸ்டாப்புக்கு நல்லதில்ல. நீங்க பொதுஜனம்தான்னு ஒரு சிஜில் வாங்கிட்டு வந்துடுங்க."

மேற்படி சான்றிதழை வழங்கும் அதிகாரம் படைத்த 'முன்னாள் படைவீரர் பொதுஜனமயமாக்கல் பிரிவு' டவுனில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இயங்கிவந்தது. இயங்கிவந்தது என்பது அறிவிப்புப் பலகையின் கூற்று. ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். எட்டரைக்கே இவர்கள் ஆஜர். அதிகாரி சிவநேசனின் கோட்டு நாற்காலியில் தொங்கியது. அதிகாரி வரவில்லை.

"துவான் எங்கே?" என்று கேட்டார் யோகேந்திரன்.

"இருக்காரு" என்றாள் கவுண்டர் பெண், கோட்டைக் காட்டி.

பதினோரு மணிக்குக் கோட்டுக்குள் ஆள் வந்து சேர்ந்தது.

"பொதுஜனமா இருந்த அனுபவம் ஏதாச்சும் உண்டா?" என்று ஆரம்பித்தார் சிவநேசன்.

"பட்டாளத்துல சேர்ற வரைக்கும் பொதுஜனமாத்தான் இருந்தேன் துவான்."

"அதுக்கு ஆதாரம்?"

"பொறந்ததே அப்படித்தான்."

"பொறந்தது சரி. முறைப்படி பயிற்சி எடுத்தீங்களா?"

"இல்லை துவான்."

"அதான் பார்த்தேன்" என்று சிவநேசன் வருத்தத்தோடு தலையாட்டினார். "அடிப்படையே இல்லாம வந்துட்டீங்க. பரவால்ல, கோர்ஸ் இருக்கு."

அரசாங்கம் செலவு செய்து நடத்தும் அந்தப் பயிற்சியை அளித்தவர் காளிதாசன். கோட்டும் சூட்டும், காலில் வெள்ளைச் சப்பாத்து, கன்னத்தில் ஒட்டிய மைக். பன்னிரண்டு பேர் உட்கார்ந்த அறைக்கு மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது முதல் பாடம்.

இரண்டாம் பாடம் பதில் சொல்வது.

"சார்ஜன், பஸ் ஓடுமா?"

"ஓடாது சார். பிரேக் போயிருச்சு."

"தப்பு! உங்க பதில்ல முடிவு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மத்தவங்களுக்கு என்ன வேலை? 'அதைப் பத்தி உட்கார்ந்து பேசலாம்' அப்படின்னு சொல்லணும்."

"உட்கார்ந்து பேசினா பிரேக் பிடிக்குமா சார்?"

"பாருங்க, மறுபடியும் கேள்வி!"

மூன்றாம் பாடம் தாமதம். எல்லாரும் கால் மணி நேரம் பிந்தி வர வேண்டும் என்று உத்தரவு. மறுநாள் யோகேந்திரன் கதவுக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி முடிந்த நொடியில் வலது காலை உள்ளே வைத்தார். காளிதாசன் மைக்கைக் கழற்றிவிட்டே பெருமூச்சு விட்டார்.

"சொன்ன நேரத்துக்கு லேட்டா வந்தா அது லேட்டே இல்ல சார்ஜன். லேட்டுங்கிறது உள்ளேயிருந்து வரணும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பிரேமா வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். இதற்கா கோர்ஸ்? ரவிக்கை தைக்கிறவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

"என்னங்க, இப்ப நான் மாலா அக்கா. நீங்க நான். 'என் ரவிக்கை ஆச்சா?' சொல்லுங்க."

"ஆகலை. இன்னும் வெட்டலை."

"ஐயோ! என் பொழைப்பே போச்சு. 'முடிஞ்சிருச்சுக்கா, கொக்கி மட்டும்தான் பாக்கி'ன்னு சொல்லணும்."

"வெட்டாத துணிக்கு எப்படி பிரேமா கொக்கி வைப்ப?"

"கொக்கி கடைசியில வைக்கிறதுதானே? நான் என்ன பொய்யா சொன்னேன்?"

கடிகாரத்தைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள். காலையில் கோப்பிக் கடைக்குப் பிடித்துத் தள்ளி, "இன்னொரு தே தாரே குடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்று கட்டளை போட்டாள். யோகேந்திரன் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிந்ததுதான் கோளாறு. அவர் கண் கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

தேர்வு நாள் வந்தது. தலைமையகத்திலிருந்தே அதிகாரிகள் வருகிறார்கள். அதே நாள், அதே நேரம், பாலர் பள்ளியில் அன்பரசியின் நடனம்.

"நீங்க பரீட்சைக்குப் போங்க. நான் டான்ஸைப் பார்த்துக்கிறேன்" என்று பிரேமா நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவைத்தாள். அவர் மோட்டார் சைக்கிள் டவுன் பக்கம் திரும்பியதைக் கண்ணால் பார்த்தாள். அப்புறம் பள்ளிக்குப் போனால், முதல் வரிசையில், தேர்வுச் சட்டையோடு, நிமிர்ந்த முதுகு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

"அடப்பாவி மனுஷா! இங்க என்ன பண்றீங்க?"

"அவகிட்டதான் முதல்ல வரேன்னு சொன்னேன்."

"ஜொகூருக்குப் போறப்ப இதையே சொல்லுங்க!"

யோகேந்திரன் மரியாதைக்காகப் போனை அணைத்தார். பிரேமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடனம் தொடங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லையாம். தேர்வையும் எழுதிவிட்டு, ஒரு ரொட்டி சானாயும் தின்றுவிட்டு வந்திருக்கலாம்.

சாயங்காலம் போனைத் திறந்ததுமே சிவநேசன் அழைத்தார். பிரேமா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"சார்ஜன்! மத்த பதினோரு பேரும் ஒன்பது மணிக்கு முன்னாடியே வந்து வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. அத்தனை பேரும் பெயில்! நீங்க ஒருத்தர்தான் வரலை."

"மன்னிக்கணும் துவான்..."

"இருங்க. வரலை, சொல்லலை, போன் எடுக்கலை, விசாரிச்சா ஏதோ விழாவுல உட்கார்ந்திருக்கீங்க. தலைமையகத்து ஆளு கண் கலங்கிட்டாரு. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு முழுப் பொதுஜனத்தை அவர் பார்த்ததே இல்லையாம்!"

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு இருவரும் கூலிமுக்கு ஓடினார்கள். பயறு மூட்டைகளைக் காணோம். தயாளன் பச்சைப் புள்ளி போட்ட பட்டாளத்து டீ-சட்டையும் பூட்ஸும் அணிந்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். சுவரெல்லாம் 'மிஷன்', 'டார்கெட்', 'அட்டாக்' என்று எழுதியிருந்தது.

"கல்ச்சர் மாறிப்போச்சு பிரதர். இப்ப எல்லா கம்பெனியிலயும் பூட் கேம்ப்தான் பேஷன். எங்களுக்குச் சுத்தமான பட்டாளத்து ஆளு வேணும்."

"நான் பட்டாளத்து ஆளுதானே?"

"இருந்தீங்க." தயாளன் கண்ணாடிச் சட்டத்தை விரலால் தட்டினார். "இதுல அப்படிப் போடலையே. முதல் மார்க்கு வேற வாங்கியிருக்கீங்க."

திரும்பவும் பல் ஆஸ்பத்திரி மாடி. இம்முறை பேசியது பிரேமா.

"சார், இவரை மறுபடியும் பட்டாளத்து ஆளா மாத்திக் குடுங்க."

"அதுக்கான பிரிவு இன்னும் திறக்கலைங்க. கட்டடம் கிடைச்சிருச்சு, மேசை வரலை." சிவநேசன் யோசித்தார். "ஆனா இங்கேயே ஒரு வேலை காலியா இருக்கு. காளிதாசன் போன வாரம் 'வந்துகிட்டே இருக்கேன்'னு போன்ல சொன்னாரு. இன்னும் வந்துகிட்டேதான் இருக்காரு. முதல் மார்க்கு ஆளே கையில இருக்கும்போது நாங்க வெளியில ஏன் தேடணும்?"

இப்படியாக சார்ஜன் யோகேந்திரன், உள்ளூரில், பகல் வேலையில் அமர்ந்தார். பிரேமா பாயாசம் காய்ச்சி அந்த வீட்டு வரிசைக்கே கொடுத்தாள். ஜெயகுமாருக்குப் போன் போட்டு, "மச்சான் இப்ப ஆபிசர்லா, உன் சிங்கப்பூரை நீயே வெச்சுக்க" என்றாள். முதல் மாதம் அவர் நேரத்துக்குப் போய் மூடிய கதவின் முன் நின்றார். இரண்டாம் மாதம் ஒரு கோட்டு வாங்கினார். மூன்றாம் மாதத்திலிருந்து கோட்டு நேரத்துக்கு இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பாலர் பள்ளி ஆசிரியை போன் செய்தார். பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள், அன்பரசி மட்டும் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

பிரேமா பதறிப்போய் அவருக்கு அடித்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன் பிரேமா. சிக்னல்கிட்ட நிக்கிறேன்."

அவர் பின்னால் தே தாரே ஆற்றும் சத்தம் சளசளவென்று கேட்டது. எந்தச் சிக்னலில் தே ஆற்றுகிறார்கள்?

மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை அழுதிருக்கும் என்று பயந்துகொண்டே போனவளுக்கு, வாசலிலேயே அதன் குரல் கேட்டது. ஜாகா அங்கிளிடம் பெருமை அளந்துகொண்டிருந்தது.

"எங்க அப்பா இன்னும் வரலை! வாசுகி அப்பாவைவிட லேட்டு!"

பிரேமா அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி சொன்ன?"

"அப்பா லேட்டும்மா" என்றது பிள்ளை, பல்லெல்லாம் தெரிய. "நிஜ அப்பா."

சிரிப்பதா, அழுவதா என்று அவள் முடிவெடுப்பதற்குள் கைப்பேசி அலறியது. மாலா அக்கா.

"பிரேமா! என் ரவிக்கை என்னம்மா ஆச்சு? விருந்து இன்னிக்கு ராத்திரிலா! கார்டுல ஏழு மணி!"

"முடிஞ்சிருச்சுக்கா" என்றாள் பிரேமா, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு. "கொக்கி மட்டும்தான் பாக்கி."

ஏழு என்றால் ஒன்பது. துணியை இனிமேல் வெட்டினாலும் போதும்.