நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய கை

அன்பிலும் அதட்டலிலும் குறைவில்லாத அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் இடது கை நலம். வலது கை கட்டுக்குள் இருப்பதால் அதன் நலம் எனக்கே தெரியவில்லை. கோணல் எழுத்தைப் பார்த்துப் பதறாதே, இடது கைக்கு இது முதல் கடிதம். போன் பண்ணக் கூடாதா என்பாய். போனில் என்றைக்காவது என்னைப் பேச விட்டிருக்கிறாயா?

சனிக்கிழமை வந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம். மார்பு ஆபரேஷனில் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்ததால் நீர் வடிய வழியில்லாமல் கை வீங்கிவிட்டது, அவ்வளவுதான். தினமும் கட்டு மாற்றி வீக்கம் வடிந்தால், திங்கட்கிழமை அளந்து பார்த்துவிட்டு வேலைக்கு அனுப்புவதாக பிசியோதெரபி அம்மா சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்து இப்போதைய மாற்று ஓட்டுநருக்கே போய்விடும். அவர் பிரேக் போடுகிற லட்சணத்தில் பின் சீட்டுப் பிள்ளைகள் முன் சீட்டில் வந்து இறங்குகிறார்களாம்.

மற்றபடி வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. விரல் விரலாகச் சுற்றி, பஞ்சு வைத்து, அதன்மேல் சுருள் சுருளாகத் துணி சுற்றியதில் கை தலையணை மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சட்டையிலும் நுழையவில்லை, அதனால் உன் தங்கை தன் புருஷன் சட்டையில் ஒரு கையை வெட்டிவிட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். சர்க்கரை டப்பாவை முழங்கால் நடுவில் இடுக்கித் திறந்தேன், திறந்தது, ஆனால் தலைகீழாக. எறும்புகளுக்கு யார் சொன்னார்களோ, சொந்தபந்தத்தோடு வந்துவிட்டன. கட்டு நனையாமலிருக்கக் குப்பைப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு குளித்தேன். கழற்ற மறந்து அப்படியே வாசலுக்குப் போனால், குப்பை எடுக்க வந்தவர் பையை வாங்கக் கையை நீட்டுகிறார்! சுதாரிக்காவிட்டால் கையோடு சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

இதெல்லாம் ஒன்றுமில்லை, நேற்று நடந்ததைக் கேள். கட்டுப் போடுவது என் வீட்டுக்காரர்தான். கிடங்கில் கண்ணாடிச் சாமான் பொட்டலம் கட்டுகிறவராச்சே, விரல் பக்கம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு என்று அட்சரம் பிசகாமல் சுற்றுவார். நான் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். அவர் முடித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். காலிங் பெல் அடித்தது. எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது! அதை இழுத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தால் வீட்டு ஓனர் அம்மா.

“என்னம்மா, சொல்லாம கொள்ளாம வீட்டைக் காலி பண்றியா?”

அவர் கடையிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். “என்னங்க இது அநியாயம்?”

“உடையற சாமானை வெறுமனே கட்டமாட்டோம், ஒரு மரச்சட்டத்தோட சேர்த்துதான் கட்டுவோம். கை பழகிப்போச்சு.”

“நான் உடையற சாமானா?”

“பின்னே?” என்றார். கண் கலங்கியிருந்தது. ஆபரேஷன் அன்றைக்குக்கூட நான் அழவில்லை, அக்கா. நேற்று அழுதேன்.

ஆகவே நீ வராதே. உன் கைக்கு இந்தக் கட்டு சரிப்படாது. சின்ன வயதில் நீ தலை பின்னிவிட்டால் என் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும், மறந்துவிட்டாயா? எனக்கு அவர் ஒருவரே போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கை கால் சுகத்தோடு நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
ஒற்றைக் கையாலும் உன்னைச் சமாளிக்கக்கூடிய தங்கை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். துவைத்த கட்டுத் துணிகளைக் காயப்போட எடுத்துப் போனவர், தொங்கிய நுனியைத் தானே மிதித்து உருண்டுவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. இனி என் கையை யார் சுற்றுவது? அவர் கையைக் கழுத்திலிருந்து தாங்கிய துணித் தொட்டில் கழன்றது, நான் இடது கையால் கட்டிவிட்டேன். இப்போது அவர் எழுந்தால் நாற்காலி எழுகிறது. போன் பண்ணியிருப்பேன், “நான் அப்பவே சொன்னேனே” என்று ஆரம்பிப்பாய். கிடங்கு வண்டி உன் ஊர்ப் பக்கம் வருகிறது, கடிதத்தை அதில்தான் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டி திரும்பும்போது ஏறி உடனே வா. புருவம் ஏறினாலும் பரவாயில்லை. உடையாத சாமான் ஒன்று வருகிறது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன்.