முதல் பந்தியில் நரிக்கு ஓர் இலை

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது என்று ஆரம்பித்தாலே, அது தந்திரக்கார நரிதான் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். தப்பில்லை. அந்தக் காட்டிலும் எல்லோரும் அப்படித்தான் முடிவுகட்டியிருந்தார்கள். தான் தந்திரக்காரன் என்பது சம்பந்தப்பட்ட நரிக்கு மட்டும்தான் தெரியாது.

நரியின் பெயர் நாச்சிமுத்து. அடுத்தவர் பொருளில் ஒரு துரும்பைக்கூடத் தொட்டதில்லை. இலந்தைப்பழமும் வயல் நண்டும் தின்று காலம் தள்ளினான். முட்டை அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ஆனாலும் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் குகை வாசலில்தான் வந்து நிற்பார்கள். காட்டுக்கென்று ஒரே ஒரு கண்காணிப்புக் கேமரா வாங்கினார்கள். அதையும் அவன் வாசலைப் பார்த்து மாட்டிவிட்டு, இனிமேல் திருட்டு பயமில்லை என்று தேங்காய் உடைத்தார்கள்.

இதையெல்லாம் நாச்சிமுத்து பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வருத்தமெல்லாம் பந்தியைப் பற்றியது. வருஷாவருஷம் ஆலமரத்தடியில் காட்டு விருந்து நடக்கும். எல்லோருக்கும் இலை விரிப்பார்கள். அவனுக்கு மட்டும் வேலிக்கு வெளியே பார்சல். உள்ளே விட்டு, கரண்டி காணாமல் போனால் யார் பதில் சொல்வது? வீடு போய்ப் பிரித்தால் பாயசமும் ரசமும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஒரு தடவையாவது முதல் பந்தியில் உட்கார வேண்டும், "இன்னுங் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுங்களா?" என்று யாராவது தன்னைக் கேட்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்துக் காட்டுக்கு ஒரு பச்சோந்தி வந்து தன்னம்பிக்கை வகுப்பு எடுத்தார்.

"சூழ்நிலையைப் பொருட்படுத்தாதே! நீ நீயாகவே இரு!" என்று பச்சை இலைமேல் பச்சையாக நின்று முழங்கினார். கைதட்டல் கேட்டதும் காய்ந்த கிளைக்கு நகர்ந்து, பழுப்பாக நின்று அதையே மறுபடியும் சொன்னார். நாச்சிமுத்து சொக்கிப்போனான்.

"ஏனுங்க, என்னைய எல்லாரும் திருடன்னு நினைக்கிறாங்க. நான் என்னங்க பண்றது?"

"தினமும் காலையில் குளத்தில் முகம் பார்த்து, 'நான் நல்லவன், நான் நல்லவன்' என்று சத்தமாகச் சொல். நீ எதை நம்புகிறாயோ அதுவாகவே ஆவாய்."

அவனும் குகை வாசலுக்கு எதிரே இருந்த குளத்தில் முகம் பார்த்துச் சொன்னான். கேமராவில் அதைப் பார்த்துவிட்டு, கைப்பேசிக் குழுவில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நல்லவன் எவனாவது நல்லவன் என்று ஒத்திகை பார்ப்பானா? பெரிதாக ஏதோ திட்டம் போடுகிறான்! கேமராவுக்கு மேலே ஒரு விளக்கும் மாட்டினார்கள்.

நாச்சிமுத்து பச்சோந்தியிடம் திரும்ப ஓடினான். அவர் அப்போது செம்பருத்திமேல் சிவப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சூழ்நிலைதான், தம்பி! நல்லவர்களோடு போய்க் குடியிரு. சேர்க்கை சரியாக இருந்தால் பேரும் சரியாகும்."

போன வாரம் வேறு மாதிரி சொன்னாரே என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு முயல் காலனிக்குக் குடிபோனான். காட்டிலேயே யோக்கியமான இடம் அது. முயல்கள் வளைக்குக் கதவே வைத்ததில்லை.

முதலில் முயல்கள் பயந்து கதவு வைத்தன. பிறகு ஒரு நாள், பக்கத்து வளை சரசாள் என்ற முயல், வெயிலில் உலர்த்தியிருந்த எதிர்வீட்டு நிலக்கடலையில் ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஏதோ ஒரு சபலம். எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்தாள். சரசாளுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் எதிர்வீட்டுக்காரி அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நரியைப் பக்கத்துல குடிவச்சா இப்படித்தான்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

சரசாள் நெடுநேரம் யோசித்தாள். மறுநாள் முறத்தோடு போனாள். எதிர்வீட்டுக்காரியும் சும்மா இருக்கவில்லை. அவள் சரசாளின் சக்கரவள்ளிக்கிழங்கில் கைவைத்தாள். கொஞ்ச நாளில் காலனி முழுக்க மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு இதே வேலையாக இருந்தது. முயல்கள் கொழுகொழுவென்று ஆயின. ஒருவர் வீட்டில் ஒருவர் நன்றாகச் சாப்பிட்டதால் அக்கம்பக்கத்தில் சண்டை சச்சரவே இல்லை.

நாச்சிமுத்து ஒருநாள் கையும் களவுமாகப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்க்கா, நீங்களா இப்படி?"

சரசாள் கடலையை மென்றுகொண்டே சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்கண்ணா. உங்களுக்குத்தான் ஏற்கனவே பேரு கெட்டுப்போயிருக்குதே. அதுல நாலு கடலை கூடுனா என்ன ஆயிடப்போவுது? எங்களுக்கெல்லாம் மானம் மரியாதை இருக்குதுங்களே!"

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவர்களோடு சேர்ந்தால் தான் நல்லவனாகத் தெரிவோம் என்று வந்தான். தன்னோடு சேர்ந்து நல்லவர்கள் கெட்டுப்போய்விட்டார்கள். அன்றைக்கே ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டான்.

காலனி விழா எடுக்காத குறை. திருடன் ஒழிந்தான் என்று இனிப்பு கொடுத்தார்கள். அந்த இனிப்பும் மத்தியானத்துக்குள் காணாமல் போனது.

இப்போது யாரைச் சொல்வது? அண்ணன் தம்பியைப் பார்த்தான். மாமியார் மருமகளைப் பார்த்தாள். சரசாள் எதிர்வீட்டுக்காரியைப் பார்க்க, அவள் இவளைப் பார்க்க, தெருவே ஒருவரோடொருவர் பேசாமல் போயிற்று. காட்டுத் தலைவரான காட்டெருமை வந்து சமாதானம் பேசினார்.

"பேசாம அந்தக் கேமராவை இந்தப் பக்கம் திருப்பிரலாங்களா?"

"அதெப்படிங்க! குடும்பம் நடத்துற எடம்ங்க இது!" என்று காலனி மொத்தமும் ஒரே குரலில் அலறியது. அவ்வளவு ஒற்றுமையைத் தலைவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் ரகசியமாக இரண்டு கரண்டி அதிகமாக இருந்தன.

மறுநாள் தலைவரும் சரசாளும் ஆற்றைக் கடந்து தாம்பாளத்தோடு வந்து நின்றார்கள்.

"நாச்சிமுத்தண்ணா, நீங்க இல்லாம எங்களுக்குள்ள ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கையே இல்லீங்க," என்றாள் சரசாள். சொல்லும்போது நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பழையபடி வந்துருங்கண்ணா."

"நான் ஒண்ணுமே எடுத்ததில்லீங்களே."

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் தலைவர். "தெரிஞ்சுதானுங்க கூப்புடுறோம்."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தெரிந்தேதான் பார்சல் கட்டினார்களா? எழுந்து உள்ளே போய்விடலாம் என்றுகூட நினைத்தான். ஆனால் ஆசை விடவில்லை.

"முதல் பந்தியில எனக்கு இலை போடுவீங்களா?"

"தலைவாழை இலையே போடறோமுங்க!"

விருந்து நாள் வந்தது. மாலை போட்டு அவனை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் பச்சோந்தி. முழு இலையையும், அதில் தனியாக இருந்த பாயசத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான் நாச்சிமுத்து. அதற்குள் தலைவர் இலையில் இருந்த வடையைக் காணோம்.

பச்சோந்தி அச்சு அசலாக வடை நிறத்தில் உட்கார்ந்திருந்தார். வாயோரம் எண்ணெய். அதை எல்லோரும்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பந்தி முழுவதும் அன்போடு நாச்சிமுத்து பக்கம் திரும்பியது.

அவன் தன் இலையில் இருந்த பாயசத்தை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து கைகூப்பி, "நான்தானுங்க," என்றான்.

ஆலமரமே அதிரும்படி கைதட்டினார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சரசாள் வாளியோடு ஓடி வந்தாள்.

"அண்ணா, இன்னுங் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுங்களா?"

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஊத்துங்க்கா," என்றான்.

நீதி: நல்லவராக வாழத் தன்னம்பிக்கை மட்டும் போதாது, பக்கத்து வீட்டில் பேர்போன திருடன் ஒருவன் குடியிருக்க வேண்டும். அவனுக்குப் பாயசம் தாராளமாக ஊற்றவும்.