இடது கன்னத்து மரபணு

உலகத்தில் நான் சொன்னால் உடனே நடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். நான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் கார். அங்கே "திருப்பு" என்றால் திருப்புவார்கள். "நிறுத்து" என்றால் நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. ஊரையே மிரட்டுகிற ஆபீஸர்கள்கூட வேர்த்து விறுவிறுத்து "சரிங்க மாஸ்டர், சரிங்க மாஸ்டர்" என்பார்கள். அந்த ஒரே ராஜ்ஜியத்துக்குள்ளும் என் மனைவி ஒரு தொப்பியை அனுப்பப் பார்த்தாள்.

காரணம், என் கன்னத்தில் விழுந்த பழுப்புப் புள்ளிகள். ஐம்பத்திரண்டு வயதில் ஏழு புள்ளி. எண்ணியது நான் இல்லை, அவள்.

"எல்லாம் வெயில் பண்ற வேலை. நாளையிலேர்ந்து முகத்துக்குக் கிரீம், கைக்கு உறை, தலைக்கு இது!"

பையிலிருந்து எடுத்தாள். ரோஸ் கலரில் பூப்போட்ட துணித் தொப்பி. விளிம்பு மட்டுமே ஒரு முழம். அதை மாட்டிக்கொண்டு நான் "பிரேக்!" என்று கத்தினால் எவன் மிதிப்பான்? சிரித்துச் சிரித்தே வண்டியைச் சுவரில் ஏற்றிவிடுவான். அப்புறம் எந்த ஆபீஸர் என்னை மாஸ்டர் என்பார்?

வெயில் மேல் பழி இருந்தால்தானே தொப்பி? பழியைப் பரம்பரை மேல் தூக்கிப் போட்டுவிட்டால்? தோல் டாக்டரிடம் ஓடினேன்.

"டாக்டர், இது பரம்பரையா வர்றதுதானே?"

"அதுவும் ஒரு காரணம்தான். தோலோட நிறம், எவ்வளவு சீக்கிரம் புள்ளி விழும்ங்கிறது, இதுலயெல்லாம் அப்பா அம்மா கொடுத்த மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனா..."

"ரொம்ப நன்றி டாக்டர்!"

எழுந்து வந்தே விட்டேன். வீட்டு வாசலில் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"மரபணு! டாக்டரே சொல்லிட்டார். வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தொப்பியைக் கடையில திருப்பிக் கொடுத்துடு."

"அப்படியா? 'ஆனா'ன்னு ஏதோ சொல்லியிருப்பாரே. அதுக்கப்புறம் என்ன சொன்னார்?"

இவள் என்ன, டாக்டரின் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாளா?

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. எங்கப்பாவுக்கும் இதே புள்ளிதான். அக்காவையே கேளு!"

அக்காவுக்கு ஏற்கெனவே போன் போட்டு, அப்பாவின் பெரிய படத்தோடு வரச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் சொன்னபடி வந்தாள்.

"பாரும்மா, அப்பா கன்னத்தை. அச்சு அசலா தம்பிக்கு இருக்கிற மாதிரியே!"

மனைவி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையே பிடிக்கவில்லை.

"அண்ணி, மாமாவுக்கு ஏன் வலது கன்னத்துல மட்டும் இருக்கு?"

"அட, ஆமா!"

"இவருக்கு இடது கன்னத்துல மட்டும்."

"மரபணு இறங்கி வர்றப்ப பக்கம் மாறியிருக்கும்," என்றேன். இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே மாமா போயிட்டாரே, என்ன வேலை பார்த்தார் அண்ணி?"

சொல்லாதே என்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து, ஊதிவிட வந்தாள். வந்துகொண்டே சொன்னாள்: "லாரி டிரைவர். முப்பது வருஷம்."

"டிரைவருக்கு ஜன்னல் வலது பக்கம். இவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறது இடது சீட்டு, இவருக்கு ஜன்னல் இடது பக்கம். தோல் மாமா கொடுத்தது, நான் இல்லேங்கல. அதுல புள்ளி வெச்சது ஜன்னல் வெயில். இப்படி ஒரு தோலை வாங்கிட்டு வந்தவர், மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா?"

அக்கா அங்கேயே கட்சி மாறினாள். "பாவம் எங்கப்பா, எடுத்துச் சொல்ல இப்படி ஒருத்தி இல்லாமப் போச்சே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை அவளே என் தலையில் மாட்டி அழகு பார்த்தாள்.

மறுநாள் காலை நல்ல பிள்ளையாகத் தொப்பியோடு கிளம்பினேன். தெரு முனை தாண்டியதும் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். கையுறையும் போயிற்று. கிரீமைக் கைக்குட்டையால் அழுந்தத் துடைத்தேன். நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். காருக்குள் நடப்பது வீட்டுக்கு எப்படித் தெரியும்?

ஏழு மணி வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண்மணி சேர்ந்திருப்பதாகவும், காரில் காத்திருப்பதாகவும் ஸ்கூலில் சொன்னார்கள். கதவைத் திறந்து தோரணையாக உட்கார்ந்தேன். முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாள் கொஞ்சம் மிரட்டினால்தான் கடைசி வரை பயம் இருக்கும்.

"இங்க பாருங்க, இந்தக் கார்ல நான் வெச்சதுதான் சட்டம். புரியுதா?"

"புரியுது மாஸ்டர்," என்றாள் என் மனைவி. "தொப்பி எங்க?"

எடுத்து மாட்டிக்கொண்டேன். கிரீமை அவளே கொண்டுவந்திருந்தாள்.

"எத்தனை நாளைக்கு இந்த வகுப்பு?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"முப்பது நாள்னு சொன்னாங்க. ஆனா பாஸாகிற உத்தேசம் எனக்கு இல்ல."