மூன்று நாள் ஊறிய புளி

எனக்குச் சமைக்கத் தெரியாது. இதை இவ்வளவு அமைதியாக எழுத எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தெரியாதது குற்றமில்லை. தெரியும் என்று சொல்லித் தொலைத்தேனே, அதுதான் குற்றம்.

1999-இல், அமெரிக்காவில் டல்லாஸை ஒட்டிய பிளானோவில் ஒரு அபார்ட்மென்ட்டில் நான்கு பெண்கள் சேர்ந்து இருந்தோம். நான்கு பேருக்கும் ஒரே வேலை. 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடாமல் இருக்க, பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்கமாக இருந்த வருடத்தை நான்கு இலக்கமாக மாற்றுவது. (உலகம் அழியாமல் பார்த்துக்கொண்டோம். ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை.) ஃபிரிட்ஜ் ஒன்றுதான் என்பதால், ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் அவரவர் பெயரை டேப்பில் எழுதி ஒட்டவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். என் பெயரில் எப்போதும் ஓர் ஊறுகாய் பாட்டிலும் பாதி வெங்காயமும் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சுரேஷின் ஜாதகம் என் ஜாதகத்தோடு பொருந்தியது. அவன் டல்லாஸின் மறுகோடியில் வேலை பார்த்தான். இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். ஜோக் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவான், அதனால் அவனுடைய பாதி ஜோக்குகளின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒருநாள், "தினம் பிரெட்டும் ஜாமும்தான்" என்று அவன் பாவமாகச் சொன்னபோது, "நான் டெய்லி குக் பண்ணுவேனே" என்று என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. அவன் அதை அன்றைக்கே ஈரோட்டுக்குத் தெரிவித்துவிட்டான்.

ஈரோட்டிலிருந்து அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்பா ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். அம்மா ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர். பெண்ணை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக என் வீட்டுக்குச் சேதி போயிருந்தது. அங்கிளுக்கு டெக்சாஸில் மாடு பார்க்கவேண்டும். ஆகவே மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த கௌபாய் மியூசியத்தில் சந்திப்பது என்று முடிவானது. மதியச் சாப்பாட்டை நான் சமைத்து எடுத்து வருவதாகவும் முடிவானது. (யார் முடிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். அதே வாய்தான்.)

என் அறைத்தோழி வாசுகியின் காலில் விழுந்தேன். இரண்டு வாரம் பாத்ரூம் கழுவுவதாக நான் ஒப்புக்கொண்டபின் அவள் பெரிய டப்பா நிறையப் புளிசாதமும் இன்னொன்றில் தயிர்சாதமும் செய்து வைத்தாள். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாக்களை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மியூசியம் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. சேணங்கள், தொப்பிகள், கயிறுகள், சுவர் முழுக்கப் போட்டோக்கள். கௌபாய் என்றால் வெள்ளைக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். படங்களில் கறுப்பினத்தவர்கள், மெக்சிகோக்காரர்கள், பழங்குடிகள், துப்பாக்கியோடு பெண்கள் என்று எல்லோரும் குதிரைமேல் இருந்தார்கள்.

"எல்லாம் சரி, மாடு எங்கம்மா?" என்றார் அங்கிள்.

"இது மியூசியம்ப்பா. மாடு இருக்காது" என்றான் சுரேஷ்.

"ஒண்ணு கூடவா?"

ஆன்ட்டி ஒவ்வொரு பலகையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். மந்தையோடு மாதக்கணக்கில் போகும் கூட்டத்தில் முதலாளிக்கு அடுத்த மரியாதை சமையல்காரனுக்குத்தான் என்று ஒரு பலகையில் இருந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவசரமாக அடுத்த பலகைக்கு நகர்ந்தேன்.

பின்பக்க மைதானத்தில் துணிக்கூடாரங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் பெரிய தொப்பிக்காரர் ஒருவர் விறகடுப்பில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரு குடும்பம் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தது. மியூசியத்தில் ஏன் இத்தனை பேர் சமைக்கிறார்கள் என்று புரியவில்லை. கடைசிக் கூடாரம் காலியாக இருந்தது. நீள மேஜை, பெஞ்சு, நல்ல நிழல். சாப்பிடுவதற்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு சின்னப் பெண் வந்து நின்று புளிசாதத்தையே பார்த்தாள்.

"கொழந்த பாத்துட்டிருக்குது கண்ணு. அத வெச்சுட்டு நாம எப்படித் திங்கறது? மொதல்ல அதுக்குக் குடு" என்றார் ஆன்ட்டி.

கொடுத்தேன். அவள் அம்மா வந்து தட்டை நீட்டினாள். அப்பா நீட்டினார். அவர்களுக்குப் பின்னால் முன்பின் தெரியாத இருபது பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். இந்த ஊரில் யாரும் அடுத்தவர் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள் என்றல்லவா எனக்குச் சொல்லியிருந்தார்கள்? குழப்பத்தில் என் கை பரிமாறிக்கொண்டே இருந்தது. சுரேஷ் சிப்ஸ் வைத்தான். அங்கிள் கல்யாணப் பந்தி மாதிரி எல்லோருக்கும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

அப்போது ஆறடி உயரத்தில், கறுப்பினப் பெரியவர் ஒருவர், தொப்பியும் பூட்ஸுமாகக் கையில் மைக்கோடு வந்தார். மியூசியத் தொண்டர் என்று சட்டையில் எழுதியிருந்தது. வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று துரத்தப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவரோ, இது உங்கள் குடும்பத்துச் சமையலா, நீங்களே செய்ததா என்று கேட்டு மைக்கை என் வாயருகே வைத்தார்.

பக்கத்தில் ஆன்ட்டி. எதிரே சுரேஷ். "யெஸ்" என்றேன்.

எப்படிச் செய்வது என்று கேட்டார். சாதம் வைக்கவேண்டும், புளி ஊற்றவேண்டும் என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று ஒரு பெண்மணி நோட்டுப் புத்தகத்தோடு கேட்டாள். கொஞ்சம் கனமான பதிலாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"த்ரீ டேஸ்."

கூட்டம் மரியாதையோடு முணுமுணுத்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றி என்னை வணங்கினார். நோட்டுக்காரி எழுதிக்கொண்டாள்.

ஆன்ட்டி எழுந்து பெரியவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, "ஸ்மால் கரெக்‌ஷன்" என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம். புளியில் உள்ள அமிலம், அது எந்தச் சூட்டில் என்ன ஆகும், பெருங்காயம் எதற்கு, வெல்லம் எதற்கு. கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்று வேறு கேட்டார். ஒரே கைதட்டல். நோட்டுக்காரி ஒரு படிவத்தை நீட்ட, ஆன்ட்டி முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கைதட்டல் அடங்குவதற்குள், நீளப் பாவாடையும் தலையில் துணிக்குல்லாவுமாகப் பத்துப் பேர் ஒரு பெரிய இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் வேனின் டயர் பஞ்சராகிவிட்டதாம். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம். பெரியவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் குழு என்று மெதுவாகக் கேட்டார்.

அன்றைக்கு அங்கே பழங்காலச் சமையல் திருவிழா என்பதும், ஒவ்வொரு கூடாரமும் ஒரு குழுவுக்கு என்பதும், நாங்கள் உட்கார்ந்திருந்தது அவர்களுடைய இடம் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடாரத்துக்குள் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆன்ட்டி கலங்கவே இல்லை. டப்பாவின் அடியில் மிச்சமிருந்த தயிர்சாதத்தை வழித்து அந்தப் பத்துப் பேருக்கும் கொடுத்துவிட்டார். நாங்கள் நால்வரும் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் கிளம்பினோம்.

காரை சுரேஷ் ஓட்டினான். ஃப்ரீவே வந்தபின் அங்கிள், "கடசி வரைக்கும் ஒரு மாடு கண்ணுல படல" என்றார்.

சுரேஷ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆன்ட்டி, அந்தப் புளிசாதம் நான் பண்ணல" என்றேன்.

"தெரியும் கண்ணு."

"மூணு நாள்னு சொன்னதுனாலயா?"

"டப்பாவத் தொறக்கறப்பவே தெரியும். மூடில 'வாசுகி. யாரும் தொடக்கூடாது'ன்னு எழுதி ஒட்டிருந்துதே."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஆன்ட்டி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"எதுக்கு அழுவற? முப்பது வருசமா எங்கூட்டுல சமையல் இவருதான். எனக்குத் தியரி மட்டுந்தான்."

"அதுலயும் தப்பு" என்றார் அங்கிள் ஜன்னலைப் பார்த்தபடி. "நான் வெல்லம் போடறதே இல்ல."

சுரேஷ் சிரித்த சிரிப்பில் கார் லேன் மாறியது. தை மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

கல்யாணத்துக்குப் பிறகு மியூசியத்திலிருந்து ஈரோட்டுக்கு ஒரு தபால் போனது. திருவிழாவில் சொல்லப்பட்ட சமையல் குறிப்புகளைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் புளிசாதம். மேலே என் மாமியாரின் முழுப்பெயர். கீழே, புளியை மூன்று நாள் ஊறவைக்கவும் என்ற என் குறிப்பு, வார்த்தை மாறாமல். "என் கரெக்‌ஷன் எங்க?" என்று அவர் மியூசியத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதிலாக இன்னும் ஐந்து பிரதிகள் வந்தன.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, இன்றைக்கு என்ன சமையல் என்று மாமாவிடம் கேட்பேன். "புளிசாதம்மா. இன்னிக்கு ரெண்டாம் நாளுதான். நாளைக்குக் கூப்பிடு" என்பார். பின்னாலிருந்து மாமியார் திட்டுவது கேட்கும்.