சம்பந்தி வீட்டாருக்கு ஒரு சீன விருந்து

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நல்லுறவு வளர எத்தனையோ பெரியவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். மாநாடு போட்டார்கள், கைகுலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த உறவை அடுப்பில் ஏற்றிக் கிளறியவர் ஒரே ஒருவர்தான். அவர் மதுரை பழங்காநத்தத்தில் குடியிருந்த அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. உக்கிரபாண்டி. நாடு அவருக்கு இதுவரை ஒரு சிலையும் வைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், காளவாசலில் ஒரு டயர் கடையின் மாடியில் ‘பன்னாட்டுச் சமையல் பயிற்சி மையம்’ திறந்தது. பன்னாடுகளில் அப்போதைக்குச் சீனா மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது. உக்கிரபாண்டி சில ஞாயிற்றுக்கிழமைகள் போய் வந்தார், சான்றிதழ் வாங்கினார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்ட ஆணி தேவைப்பட்டதால், அங்கே இருந்த ஒரே ஆணியில் தொங்கிய கல்யாணப் படம் பரணுக்கு ‘இடமாற்றம்’ செய்யப்பட்டது. மனைவி ரெங்கம்மாள் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மையத்தின் கொள்கை எளிமையானது. தீ பெரிதாக இருக்க வேண்டும், அளவு சிறிதாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குத்தான் கிளற வேண்டும். காய் வெந்துவிட்டால் அது சீனம் அல்ல. இறக்கிய சூட்டிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். இதை உக்கிரபாண்டி அரசாணை போல் மதித்தார். அன்று முதல் அந்த வீட்டில் முட்டைகோசும் கேரட்டும் குடைமிளகாயும் நெருப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டுக்கு வந்தன. சோயா சாஸ் ஊற்றிய நூடுல்ஸ் டிபன் பாக்ஸில் அலுவலகத்துக்கும் போனது. அங்கே அது அமோக வரவேற்பைப் பெற்றது. விடுப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்த ஊழியர்கள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் மகள் தமிழ்ச்செல்விக்கு எழுமலையில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை அழகுபாண்டி நல்ல பையன். பெண்ணுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம் பாக்கி இருந்தது. அதைப் பிறந்த வீட்டில் இருந்தே படித்து முடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், மாப்பிள்ளைக்கும் சம்மதம். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் முடிவெடுப்பவர் அவருடைய பெரியப்பா விருமாண்டி. விருந்துக்கு வரும்போது சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் வேண்டாம் என்றால் புத்தகத்தை மூட்டை கட்டவேண்டியதுதான். தமிழ்ச்செல்வி அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்குக் கறி எடுக்கலாம் என்றார் ரெங்கம்மாள். உக்கிரபாண்டி அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்து நிராகரித்தார்.

“கறியும் சோறும் எழுமலையிலயே கெடைக்கும். படிச்ச வீட்டுக்கு வந்திருக்கோம்னு அவுகளுக்கு நாக்குல தெரியணும். அப்பத்தான் புள்ளையப் படிக்க விடுவாக.”

அரைவேக்காட்டு முட்டைகோசுக்கும் பெண் கல்விக்கும் இப்படி ஒரு நேரடித் தொடர்பு இருப்பதை அதுவரை எந்தக் கல்வியாளரும் கண்டுபிடிக்கவில்லை.

வேன் நிறையச் சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. நடுவில் மாப்பிள்ளை. அவருக்கு ஒரு பக்கம் பெரியப்பா விருமாண்டி, மறுபக்கம் தாய்மாமன் வீரணன். இந்த இருவரும் ஊர்க் கோயிலில் திருநீறு யார் கையில் முதலில் விழ வேண்டும் என்ற விஷயத்தில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, இந்தக் கல்யாணத்துக்காகத்தான் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

உக்கிரபாண்டி நூடுல்ஸ் சட்டியோடு வெளியே வந்தார். கொள்கைப்படி அதில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. முதல் பங்கு மாப்பிள்ளை இலையில் விழுந்தது. இரண்டாவது பங்கு பெரியப்பா இலையில் விழுந்தது. சட்டி காலி. அடுத்த ஈடு கிளறிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவர் திரும்பினார்.

தாய்மாமன் வீரணன் வெறும் இலையை மடித்தார்.

சாப்பிடாமல் இலையை மடிப்பது என்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை. பரிமாறாத இலையை மடிப்பது அதைவிடப் பெரிய சங்கதி. அடுக்களை வாசலில் நின்ற தமிழ்ச்செல்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இருபது வருஷ நிர்வாக அனுபவம் உள்ளவர் கலங்குவாரா? உக்கிரபாண்டி குனிந்து, பெரியப்பா இலையில் இருந்த நூடுல்ஸில் பாதியைக் கரண்டியால் அள்ளி, தாய்மாமன் இலையைத் தாமே விரித்து அதில் வைத்தார். அலுவலகத்தில் இதற்கு ‘மறு ஒதுக்கீடு’ என்று பெயர். வீட்டில், இலையில் போட்டதைத் திரும்ப எடுப்பது என்று பெயர்.

இப்போது இரண்டு பேரும் இலையை மடித்தார்கள்.

பெரியவர்கள் கை வைக்காமல் பந்தியில் வேறு யார் கை வைப்பது? உக்கிரபாண்டி விடாமல் இரண்டிரண்டு இலைக்காகக் கிளறிக் கொண்டுவந்து வைத்தார். ஆறுகிறது, சூடாகச் சாப்பிடுவதுதான் முறை என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. மாப்பிள்ளைக்குப் பாவம், நல்ல பசி. யாரும் பார்க்காத சமயத்தில் ஒரு வாய் எடுக்கப் பார்த்தார். மொத்த நூடுல்ஸும் ஒரே துண்டாக, சட்டியின் வளைவோடு எழுந்து வந்தது. மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டார்.

கடைசியில் வழி சொன்னவர் மாப்பிள்ளையின் அத்தை ஒச்சாயி.

“ஏண்ணே, இதென்ன சோறா? பலகாரம்தான. பலகாரத்துக்கு எவன் மொத மரியாத பார்த்தான்?”

இந்தத் தீர்ப்பு இரு தரப்புக்கும் பிடித்துப்போயிற்று. மடித்த இலைகள் விரிந்தன. ‘பலகாரத்தை’ ஆளுக்கு ஒரு கட்டியாகப் பிட்டுத் தின்றார்கள். முட்டைகோஸ் கடிபடும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கியது. சீனம் வென்றுவிட்டது.

எல்லாரும் இலையைத் துடைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

“சரி மச்சான், சோத்தப் போடச் சொல்லுங்க” என்றார் விருமாண்டி.

சோறு பொங்கவில்லை என்பதையும், இதுவரை நடந்ததுதான் விருந்து என்பதையும் உக்கிரபாண்டி பணிவுடன் தெரிவித்தார். இப்படி ஓர் அறிக்கையை அவர் தம் பணிக்காலத்தில் படித்ததே இல்லை. விருமாண்டி எழுந்துபோய்க் கை கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். தமிழ்ச்செல்வியின் படிப்பு முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழத் தயாராகிவிட்டாள்.

“புள்ள படிக்கட்டும் மச்சான், நாங்க குறுக்க நிக்கல” என்றார் விருமாண்டி. “ஆனா இந்த வீட்ல இருந்து படிக்க வேணாம். ஹாஸ்டல்ல சேத்துவிடுங்க. அங்கயாவது சோறு போடுவாக.”

தமிழ்ச்செல்வி சந்தோஷத்தில் சிரித்தேவிட்டாள். உக்கிரபாண்டி நெஞ்சை நிமிர்த்தி, சீன விருந்து கொடுத்ததால்தான் மகளுக்குப் படிக்க அனுமதி கிடைத்தது என்று கூடியிருந்தவர்களுக்கு அறிவித்தார். அதை மறுத்துப் பேச யாருக்கும் தெம்பு இல்லை.

அடுக்களையில் இருந்து ரெங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். புருஷனைப் பார்க்கவில்லை. நேரே விருமாண்டி முன்னால் போய் நின்றார்.

“அண்ணே, அந்த ஹாஸ்டல்ல எனக்கும் ஒரு எடம் கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க.”