விலை இறங்காத வண்டியை வந்து எடுத்துப்போகவும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. நான் இங்கு உடலளவில் நலம். தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் முதலீட்டு ஆலோசனை அலுவலகமும், அதன் கண்ணாடிக் கதவும் நலமாக இருப்பதாக உங்கள் அக்கா மூலம் அறிந்தேன். மழைக்கு இங்கே குறைவில்லை. அந்த விவரம் கீழே தனியாக வருகிறது.

போனில் பேசினால் "சரி அத்தான், சரி அத்தான்" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். காகிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது.

என் தொழில் தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பிறகு தெரியாது என்று சொல்லிவிடக் கூடாதென்று எழுதி வைக்கிறேன். மூடுகிற கம்பெனிகளின் மேசை, நாற்காலி, அலமாரிகளை மொத்தமாக எடுத்து, உடைந்த காலை ஒட்டி, துரு சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்து, குஷன் மாற்றி விற்பவன் நான். புதுசு மாதிரி என்று சொல்லி விற்பேன், புதுசு என்று சொன்னதில்லை. ஒரே ஒரு சுழல் நாற்காலியில் ஆரம்பித்தவன், அதையும் விற்றுவிட்டு நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தவன். இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை. முன்னால் சாமான், பின்னால் பட்டறை, நடுவில் ஜன்னலோரம் உங்கள் அக்காவின் தையல் மெஷின். அந்த வெளிச்சம் அவளுக்குப் பழகிவிட்டது, வேறெங்கே உட்கார்ந்தாலும் ஊசியில் நூல் கோர்க்க அரைமணி பிடிக்கிறது. கட்டடக்காரர் இடத்தை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கே கொடுங்கள் என்றேன். அவரும் நல்ல மனுஷன், "உனக்குத்தான்யா முதல்ல" என்றார். ஆனால் அவர் தம்பி வந்து கையெழுத்துப் போட எட்டு மாதம் ஆகும், அதாவது இப்போது வருகிற முப்பதாம் தேதிதான் பத்திரம், அன்றைக்குப் பணம் இல்லையென்றால் பக்கத்து செல்போன் கடைக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். பணத்தில் பெரும்பகுதி என்னிடம் தயாராக இருந்தது. எட்டு மாதம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற பணத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அந்த அரிப்பு நேரம் பார்த்துத்தான் தாங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

வந்து, என் பட்டறையில், நான் விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னது இது: "அத்தான், பேங்க்ல போட்டா பணம் தூங்கும். நான் சொல்ற பொருள் ஓடும். முப்பது வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார், கூரையைத் திறந்துக்கலாம், ரெண்டே சீட்டு. புதுக் கார் ஷோரூமைத் தாண்டினதும் விலை விழுந்துடும். இது விழுற வரைக்கும் விழுந்து முடிச்சாச்சு. இனிமே ஏறும், இல்ல நிக்கும். எட்டு மாசம் ஓட்டுங்க, போட்ட காசுக்கே வித்துடுங்க. ஓட்டினது லாபம்." ஓட்டினது லாபம் என்ற இடத்தில்தான் நான் விழுந்தேன். என்னிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு நாற்காலியை விற்கவில்லை, உட்கார்ந்தது லாபம் என்று. உங்கள் அக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "அவ்ளோ நல்லதா இருந்தா நீ ஏன்டா வாங்கல?" அதற்குத் தாங்கள், "எனக்கு பார்க்கிங் இல்லக்கா" என்றீர்கள். பார்க்கிங் இல்லாத காரணத்தால் ஒரு மனிதர் பெரும் நஷ்டத்திலிருந்து தப்பித்ததை அன்றுதான் பார்த்தேன்.

விற்றவர் ஒரு பல் டாக்டர். அவர் தங்கள் அலுவலகத்து வாடிக்கையாளர் என்பதைப் பணம் கைமாறிய பிறகு, திரும்பி வரும் வழியில், சிக்னலில் நின்றபோது சொன்னீர்கள். கரும்பச்சை நிறம், கதவில் நீளமாக ஒரு கீறல், சீட்டுத் தோலெல்லாம் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. டாக்டர் சாவியைக் கொடுக்கும்போது கண் கலங்கினார். நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்தக் கண்ணீரில் வேறு ஏதோ கலந்திருந்தது.

உண்மையை மறைக்க மாட்டேன், முதல் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. கூரையைத் திறந்துகொண்டு நானும் உங்கள் அக்காவும் ஊரைத் தாண்டிப் போனோம். "முடியெல்லாம் கலையுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள், ஆனால் மூடச் சொல்லவில்லை. திரும்பும்போது மழை பிடித்தது. கூரையை மூட ஒருவர் உள்ளேயிருந்து கம்பியை இழுக்க வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று முழங்காலால் அமுக்க வேண்டும், மூன்றாவது ஆள் கொக்கியை மாட்ட வேண்டும். மூன்றாவது ஆளுக்குத்தான் அந்த வண்டியில் இடமில்லையே. ஒரு பஸ் முழுக்க ஜனம் பார்க்க நடுரோட்டில் இரண்டு பேரும் தொப்பலாக நின்றோம். தங்களுக்குப் போன் போட்டேன். "ஐயையோ, மழையில எடுக்காதீங்க அத்தான், துருப்பிடிச்சா விலை இறங்கிடும்" என்றீர்கள். வெயில் அடித்த வாரம் எடுத்தேன், "வெயில்ல நிறுத்தாதீங்க, நிறம் போனா விலை இறங்கிடும்." மழையும் இல்லை வெயிலும் இல்லாத ஒரு நாள் பார்த்து எடுத்தேன், "ரொம்ப ஓட்டாதீங்க அத்தான், கிலோமீட்டர் ஏறினா விலை இறங்கிடும்." சரி என்று கடையின் கோடவுனில் நிறுத்தினேன். அதற்கு இடம் விட, நாற்பது அலமாரிகளைத் தார்ப்பாய் போட்டு வெளியே வைத்தேன். மேலே சொன்ன மழை அவற்றின் மேல்தான் பெய்தது. கார் காய்ந்தபடி இருந்தது, அலமாரிகள் துருப்பிடித்தன. ஒரு மாதம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் முனகக்கூட இல்லை. மெக்கானிக் வந்து சரிபண்ணிவிட்டு, "ஓட்டாம வெச்சா இப்படித்தான் சார். இது ஓடணும்" என்றார். ஓடினால் விலை போகும், நின்றால் உயிர் போகும். இப்படியொரு பொருளை வியாபாரி வாங்குவானா? வாங்கினான். பெயர் கீழே கையெழுத்தில் இருக்கிறது.

இதுவரை நடந்தது எல்லாம் தங்கள் கணக்கில். இனி வருவது என் கணக்கில், அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். விற்க இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு பொருளை எப்படி விற்பனைக்கு நிறுத்துவேனோ அப்படி நிறுத்தினேன். கீறலோடும் கிழிசலோடும் ஒரு முக்காலியைக்கூட நான் கடைக்கு முன்னால் வைத்தது கிடையாது. பட்டறையில் என் பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன். எட்டு நாள் உப்புத்தாள் போட்டார், பட்டி பார்த்தார், ஐந்து கோட் பெயின்ட் அடித்தார். கரும்பச்சை கொஞ்சம் அழுக்காகத் தெரிகிறது என்று நல்ல கிளிப்பச்சையாக மாற்றினோம். மர ஸ்டீயரிங்கின் மேல் வார்னிஷ். வெடித்த தோலையெல்லாம் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, உங்கள் அக்கா இரண்டு வாரம் குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். பழுப்பு ரெக்சின், இரட்டைத் தையல், ஓரத்தில் மெல்லிய குழாய் மடிப்பு. நான் அவள் வேலையை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறவன், சொல்கிறேன், அவள் தைத்ததிலேயே அதுதான் சிறந்தது. கார் பளபளவென்று நின்றது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு தாங்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார்.

வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வயிறு சரியில்லையோ என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"பெயின்ட் யார் சார் அடிச்சது?"

"நம்ம பட்டறைதான். அஞ்சு கோட்டு."

"தெரியுது. அஞ்சையும் கழிக்கணும்." எழுதிக்கொண்டார். "சீட்டு?"

"என் வீட்டம்மா தைச்சது. கையை வெச்சுப் பாருங்க, ஒரு தையல் கோணாது."

"பழைய தோல் எங்க?"

"அது கிழிஞ்சு நாறிப்போச்சு சார். குப்பைல போட்டாச்சு."

பேனாவை மூடிவிட்டார். "அந்தக் கிழிசலுக்குத்தான் சார் காசே."

உங்கள் அக்கா தண்ணீர் டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "தையல்ல என்னங்க தப்பு?" என்று கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "தையல்ல தப்பு இல்லம்மா. தைச்சதே தப்பு."

நான் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்.

மைத்துனரே, இதை எனக்கு யாராவது விளக்க வேண்டும். முப்பது வருடம் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்த தோலுக்கு விலை உண்டு. இரண்டு வாரம் ஒரு பெண்பிள்ளை முதுகு ஒடியத் தைத்த தையலுக்கு விலை கழிக்கிறார்கள். வசதியானவன் பண்ணின கீறல் சொத்து, அந்தக் கீறலை மறைக்க என் பாலிஷ்காரர் மூச்சில் வாங்கின தூசி நஷ்டம். நான் வாழ்நாளெல்லாம் பழசைப் புதுசாக்கிச் சோறு சாப்பிட்டவன். பழசைப் பழசாகவே வைத்திருந்து சம்பாதிக்க வேண்டுமானால் அதற்கு ஏற்கெனவே பணம் இருந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. இதை நீ அன்றைக்கே அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "அத்தான், கையை மட்டும் வெச்சிடாதீங்க" என்று. என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துக்கு வந்த மேசையையே கேட்காமல் எடுத்துப்போய்ப் பாலிஷ் போட்டுக் கொடுத்தவன் நான். நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆகவே முடிவாகச் சொல்வது. முப்பதாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்த வண்டியின் விலை இறங்காது என்று இந்த உலகத்தில் இன்னும் நம்பிக்கொண்டிருப்பவன் நீ ஒருவன்தான், எனவே இதை வாங்க வேண்டியவனும் நீதான். நான் கொடுத்த விலையை அப்படியே கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப்போ. பெயின்ட், ரெக்சின், வார்னிஷ், தையல் கூலி எதுவும் கேட்கவில்லை, உறவு என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். பார்க்கிங் இல்லையென்றால் உன் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே நிறுத்திக்கொள். வரவில்லையென்றால் இந்தக் கடை போகும், உன் அக்காவின் ஜன்னல் போகும். அதற்குப் பிறகு உன் வீட்டு விசேஷம் எதற்கும் நான் வர மாட்டேன், என்னைத் தேடி நீயும் வர வேண்டாம்.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, ஆலோசனை சொல்லாத உத்தியோகம் ஏதாவது ஒன்றில் அமர்ந்து நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
பணம் போட்ட தங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஐந்து நாள் ஆகிறது. தபாலில் போடுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற ஒரு பெரிய மனிதர் நேற்று கடைக்கு வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், கிட்டத்தட்ட நான் கொடுத்த விலையே சொன்னார். இதே வருடத்து வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கி அவரிடம் கிடக்கிறதாம், அதன் சீட்டு இதற்குப் பொருந்துமாம், பெயின்டையும் அவரே சுரண்டி எடுத்துக்கொள்வாராம். பேசிக்கொண்டே உன் அக்கா தைத்த மடிப்புக்குள் கட்டைவிரலை விட்டு நெம்பி, டர்ரென்று நாலு விரல் அகலம் பிய்த்துப் பார்த்தார். "இந்தக் கந்தலை எல்லாம் இங்கயே கழட்டிப் போட்டுடுங்க, என் வண்டில ஏத்த வேணாம்" என்றார். மெஷின் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. என் சாமானை வாங்க வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி குறை சொல்வார்கள், விலையைக் குறைக்கத்தான் அது, நான் காதில் வாங்குவதே இல்லை. ஆனால் இவர் விலையைக் குறைக்கவே இல்லை. சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வண்டி விக்கிறதில்லை" என்றேன். இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். அதையே திரும்பவும் சொன்னேன். போய்விட்டார்.

உன் அக்கா எழுந்து வந்தாள். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள். "உன் தையலைக் கந்தல்ங்கிறான், கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா" என்றேன். "கந்தல்னா கந்தல். காசு குடுக்கிறாரு இல்ல? கழட்டின ரெக்சின்ல நான் ரெண்டு ஸ்டூலுக்குக் கவர் போட்டிருப்பேனே" என்றாள். அவருக்குப் போன் போடச் சொன்னாள். நம்பர் இல்லை என்று சொன்னேன். சட்டைப்பையில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் வியாபார விஷயத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் பொய். இன்று காலை கட்டடக்காரரிடம் போய், முப்பதாம் தேதி என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவர் செல்போன் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். பின்தெருவில் ஒரு ஷெட் பார்த்திருக்கிறேன், ஜன்னல் கிடையாது, விளக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவள் நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஆனால் அந்த நாலு விரல் கிழிசலை இன்று மதியம் தைத்துவிட்டாள்.

ஆகவே காரை எடுக்க வர வேண்டாம், அது விற்பனைக்கு இல்லை. ஆனால் முப்பதாம் தேதி காலை அவசியம் நீ வந்தாக வேண்டும். வரும்போது ஒரு லாரியோடு வா. நூற்றி நாற்பது நாற்காலி மாற்ற வேண்டியிருக்கிறது, என் வண்டியில் ஒரு தடவைக்கு ஒன்றுக்கு மேல் ஏறாது, அதுவும் கூரையைத் திறந்தால்தான்.